அம்புக்குறி முடியும் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

சுரங்கத்துக்கு வடிகால் வரைபடம் என்று ஒன்று உண்டு. பதினான்கு மாதங்கள் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். பள்ளத்தைச் சுற்றி நீலக் கோடுகள் போகும். மண்மேடுகளின் அடியில் இன்னும் சில கோடுகள். எல்லாம் நாலைந்து செவ்வகங்களில் போய்ச் சேரும். அவை வண்டல் குட்டைகள். கடைசிக் குட்டையிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, சுரங்கத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி நிற்கும். பக்கத்தில் 'இயற்கை ஓடைக்கு' என்று எழுதியிருக்கும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

டிப்ளமோ சிவில் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர் வேலை. சுரங்கத்தின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு நிறுவனத்தின் மேல் போடும் புகாராகச் சுருங்கிவிடும். அங்கே நான் பார்த்தது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டுமல்ல.

முதலில், இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். திறந்தவெளிச் சுரங்கம் என்பது வானத்துக்குக் கீழே திறந்து வைத்த பாத்திரம். மழை பெய்தால் நிறையும். அதனால் அங்கே தண்ணீர் சம்பந்தமாக மூன்று வேலைகள். வெளியிலிருந்து ஓடிவரும் தண்ணீரை உள்ளே விடாமல், பள்ளத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் திருப்ப வேண்டும். உள்ளே விழுந்த தண்ணீரை அடியில் சம்ப் கட்டித் தேக்கி, மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீரை வெளியே விடுவதற்கு முன்னால் அதிலிருந்து மண்ணைப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது வேலைதான் கடினம். தண்ணீரில் கலந்த நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். அதைவிட மெல்லிய வண்டலுக்கு மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். களிமண் துகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். வண்டல் குட்டையின் வேலையே தண்ணீரை அவ்வளவு நேரம் அசையாமல் நிறுத்தி வைப்பதுதான். குட்டை பாதி தூர்ந்துபோனால் தண்ணீர் நிற்கும் நேரமும் பாதியாகிவிடும். முழுக்கத் தூர்ந்துபோனால் அது குட்டையே இல்லை, வெறும் வாய்க்கால்.

மண்மேடும் அப்படித்தான். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் மண்ணை அரிக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் மேட்டை ஒரே சரிவாக விடாமல் படிப்படியாக வெட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் தண்ணீரை மெதுவாக்கி ஓரமாக இறக்குவார்கள். அடியில் கல்சுவர். சரிவில் தென்னை நார்ப் பாய் விரித்துப் புல்லோ வெட்டிவேரோ நடுவார்கள்.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. சுரங்கங்களுக்கு ஒன்றிய அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் வழக்கமாகவே இவை இருக்கும். பல அனுமதிகளில், ஐம்பது ஆண்டு மழைக் கணக்கில் வந்த உச்ச மழையைவிட 50 சதவீதம் கூடுதலாகத் தாங்கும்படி சம்ப் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வாய்க்கால்களைத் தொடர்ந்து தூர்வார வேண்டும் என்றும் எழுதியிருக்கும். ஆக, அறிவுக்கும் சட்டத்துக்கும் பஞ்சமில்லை.

தூர்வாருவது யார்? பெரிய குட்டைக்குள் பொக்லைன் இறங்கும். மேட்டின் அடியில் ஓடும் குறுகிய வாய்க்காலுக்குள் இறங்காது. அங்கே ஆள்தான் இறங்க வேண்டும், மண்வெட்டியும் பாண்டு சட்டியுமாக. மேஸ்திரி பன்னிரண்டு பேரைக் கூட்டிவருவார். பன்னிரண்டு பேரும் பக்கத்து ஊரின் காலனிக்காரர்கள். அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று எந்த உத்தரவும் கிடையாது. ஒருமுறை கேட்டேன். "ஊர்த் தெருவுல கூப்பிட்டா சேத்துல இறங்க மாட்டாங்க சார்" என்றார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசி பிறக்கும்போது மூன்றாவது குட்டை முக்கால்வாசி தூர்ந்திருந்தது. அதற்கு ஒதுக்கிய பொக்லைனைக் கல் ஏற்றும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மழைக்கு முன்னால் வாரிவிடலாம் என்றார்கள். பதிவேட்டில் மட்டும் 'தூர்வாரும் பணி முடிந்தது' என்று ஏறியது. கீழே கையெழுத்து வேண்டும். போட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் மாதச் சம்பளம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது என்பதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

கார்த்திகையில் ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. காலையில் போட்டோ எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். அம்புக்குறி காட்டிய திசையில் ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். தண்ணீர் சாம்பலும் மஞ்சளுமாகக் குழம்புபோல ஓடியது. முக்கால் கிலோமீட்டர் தாண்டியதும் ஓடை வளைகிறது. அந்த வளைவில்தான் காலனியின் கடைசி இரண்டு வரிசை வீடுகள். வாசலில் முழங்கால் அளவு சேறு. எங்கள் வாய்க்காலைத் தூர்வாரிய பன்னிரண்டு பேரில் நான்கு பேர் தங்கள் வீட்டுக்குள் நின்று சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகையில் வரும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. ரேஷன் அரிசி, பள்ளிக்கூடப் புத்தகங்கள், ஒரு ஆட்டுக்குட்டி, அவ்வளவுதான் போனது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா என்னைப் பார்த்து, "எந்த ஊருப்பா நீ?" என்றார். சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். அந்தக் கேள்விக்கு எத்தனையோ இடங்களில் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப உனக்குத் தெரியாதா சாமி, தண்ணி எங்க வந்து நிக்கும்னு?" என்றார்.

தெரியும். எங்கள் காலனியும் ஏரிக் கலிங்குக்குக் கீழேதான் இருக்கிறது. ஏரி நிறைந்தால் ஊரில் பொங்கல் வைப்பார்கள். நாங்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவோம்.

தண்ணீருக்குச் சாதி தெரியாது, சரிவு மட்டும்தான் தெரியும் என்று என்னோடு படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தச் சரிவில் யார் எங்கே வீடு கட்டலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. பல ஊர்களில் மேடு ஊருக்கு, பள்ளம் சேரிக்கு. மனைப்பட்டா கேட்டு அலைந்தவர்களுக்கு அரசு கொடுத்த இடமும் எத்தனையோ ஊர்களில் ஓடைக்கரையோ, ஏரிக்குக் கீழோ, சுடுகாட்டுப் பக்கமோதான். எனவே 'இயற்கை ஓடைக்கு' என்று அம்புக்குறி போடுகிறவர் சாதி பார்த்துப் போடத் தேவையில்லை. தாழ்ந்த இடத்தைப் பார்த்துப் போட்டாலே போதும். மிச்சத்தை நம் ஊர்களின் அமைப்பு செய்துவிடும்.

இது ஒரு சிறு சுரங்கத்தின் கதை. அதே கேள்வியை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டின் மிகப் பெரிய பள்ளத்துக்குப் போவோம். நெய்வேலியில் நான் வேலை பார்த்ததில்லை. இனி அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பொதுச் செய்திகள்தான்.

நெய்வேலியில் 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இந்த நான்கு ஆண்டு இடைவெளிக்குள் மண்ணையும் தண்ணீரையும் கையாளும் பெரும் வேலை நடந்திருக்கிறது. அங்கே நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் கடும் அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவுக்கு அந்த அழுத்தம். அதைத் தொடர்ந்து இறைத்துத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலே வரும். எனவே இரவும் பகலும் இறைக்கிறார்கள். மழைத் தண்ணீர் தனி.

அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் போகிறது. பாசனத்துக்கு உதவியிருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் தனியாக வரவில்லை, மண்ணோடு வந்தது. வாலாஜா ஏரி பல ஆண்டுகள் தூர்ந்து, ஏரி என்ற அடையாளமே இழந்து கிடந்தது. 2010களில் மாவட்ட நிர்வாகம் முன்கை எடுத்துத் தூர்வாரிய பிறகுதான் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஒரு சுரங்கம் தன் குட்டையில் நிறுத்த வேண்டிய மண்ணை வெளியே விட்டால், ஊரின் ஏரி அதற்கு வண்டல் குட்டையாகிவிடும். அதை வாருகிற செலவும் உழைப்பும் வேறு யாருடைய கணக்கிலோ ஏறும்.

அடுத்தது பரவனாறு. சுரங்கம் விரிய விரிய ஆறு குறுக்கே வந்தது. ஆற்றை நிரந்தரமாகத் திருப்ப 12 கிலோமீட்டர் கால்வாய் வேண்டும், 10.5 கிலோமீட்டர் முடிந்துவிட்டது, மீதி 1.5 கிலோமீட்டர்தான் என்று நிறுவனம் சொன்னது. வெள்ளத்திலிருந்து சுரங்கத்தையும் சுற்றுக் கிராமங்களையும் காக்கத்தான் கால்வாய் என்றது. 2023 ஜூலை கடைசியில், அந்த மீதிக்காக வளையமாதேவியில் நெல் பச்சையாக நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. அந்தக் காட்சியை நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். 2006 முதல் 2013 வரையில் கையகப்படுத்திய நிலம்தான் என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி விசாரணையின்போது வெளிப்படையாக வேதனைப்பட்டார். கடைசியில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

நிலம் வைத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. விளைந்து நிற்கிற பயிரை அழிப்பதை யாரும் ஏற்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் வந்த பேட்டிகளை, பேச்சுகளை, பேனர்களை இப்போது திரும்பப் பாருங்கள். 'விவசாயி' என்ற சொல் நிலம் வைத்திருப்பவரை மட்டுமே குறித்தது. அந்த நாற்றைப் பறித்தது யார்? நட்டது யார்? அடுத்து வரவேண்டிய களையெடுப்புக் கூலியும் அறுப்புக் கூலியும் யாருடையவை? கடலூர் மாவட்டத்து வயல்களில் கூலிக்கு இறங்குகிறவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏக்கர் கணக்கில் இழப்பீடு பேசும்போது ஏக்கர் இல்லாதவர் பேச்சிலேயே இல்லாமல் போகிறார்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் கூலியாகவோ குத்தகைதாரராகவோ பிழைத்த குடும்பத்தைப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1 அன்று. வளையமாதேவி நிலம் 2013க்குள் எடுத்தது என்று நிறுவனம் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். அதுவும் நிலம் எடுப்பதற்கான சட்டம் மட்டுமே. நிலம் எதுவும் எடுக்கப்படாமல், சுரங்கத்து வடிகால் போய் முடிகிற தெருவில் குடியிருப்பவரின் வீட்டுக்குள் சேறு வந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்காது.

கடலூர் மாவட்டத்துக்கு வெள்ளமும் புதிதல்ல. 2015 நவம்பர் 9 அன்று பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் உயிர்களை அடித்துச் சென்றது. அது பெருமழையின் வெள்ளம், சுரங்கத்தின் மேல் பழி போட அதை நான் எடுக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு களத்துக்குப் போன தலித் அமைப்புகள், மாவட்டத்தில் காலனிகள் கூடுதலாக அடிவாங்கியதையும், நிவாரணம் ஊர்த் தெருவோடு நின்றுபோனதையும் பதிவு செய்தார்கள். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பது அங்கே தெரிந்த விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். தெரிந்த பிறகும் வடிகால் வரைபடத்தில் அந்தத் தெரு இல்லை என்றால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதே, இது பொறியியல்" என்பார்கள். பாபாசாகேப் அம்பேத்கரை நினைத்துக்கொள்ளுங்கள். 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்தவராக அவரை நமக்குத் தெரியும். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். சுரங்கத் தொழிலாளர், நீர்ப்பாசனம், மின்சாரம் எல்லாம் அவர் துறையில்தான் இருந்தன. 1943இல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போனார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டார். 1945இல் மத்திய நீர்வழி, பாசன ஆணையம் அவர் காலத்தில்தான் உருவானது. தண்ணீரைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டு நாம் உரிமை மட்டும் பேசுவோம் என்று அவர் ஒதுங்கவில்லை. அணையின் கொள்ளளவும் வெள்ளத்தின் அளவும் நம் அரசியலின் பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிய வேண்டும்.

சுரங்கத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. எங்கள் காலனியில் சுரங்கக் கூலியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கேட்பது நான்கு விஷயங்கள்.

வடிகால் வரைபடம் எல்லைக் கோட்டோடு முடியக் கூடாது. தண்ணீர் அடுத்த பெரிய ஏரியிலோ ஆற்றிலோ சேரும் வரை வழியில் உள்ள ஒவ்வொரு தெருவும், அங்கன்வாடியும், கைப்பம்பும், சுடுகாடும் அதில் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்னால் குட்டைகள் தூர்வாரப்பட்டதா என்பதை, அம்புக்குறி முடியும் இடத்தில் குடியிருப்பவர்கள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னைப்போல் சம்பளத்துக்குப் பயந்தவனின் கையெழுத்து மட்டும் போதாது.

பயிரோ வீடோ அழிந்தால், நிலம் இல்லாதவரின் கூலி இழப்பும் குத்தகைக்காரரின் இழப்பும் கணக்கில் வர வேண்டும்.

சேற்றில் இறங்கும் வேலைக்கு ஒரு தெருவிலிருந்து மட்டும் ஆள் எடுக்கிற வழக்கம் நிற்க வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது பாதுகாப்பு உபகரணமும் முறையான சம்பளமும் உள்ள, எல்லோரும் செய்கிற வேலையாக மாற வேண்டும்.

இவை நடக்கும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு சுரங்கமும், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அது பொது ஆவணம். யாரும் கேட்டு வாங்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். உங்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்து ஊர்ச் சுரங்கத்தின் அறிக்கையை எடுத்து, தூர்வாரியது பற்றிய பத்தியைத் தமிழில் எழுதி, கிராம சபையில் வாசியுங்கள். மழை நாளில் சுரங்கத்துத் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். அசைக்காமல் ஒரு நாள் வைத்துவிட்டு அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று போட்டோ எடுங்கள். வெளியே விடும் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. பாட்டில் அதை நிரூபிக்காது. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதற்கு அது போதும்.

நான் அந்த வேலையை விட்டு வெகுநாளாகிறது. போன வருடம் அந்தக் காலனிக்குத் திரும்பப் போனேன். பதிவேட்டில் போட்ட கையெழுத்தைப் பற்றி அங்கே இருந்தவர்களிடம் சொன்னேன். ஆயா இல்லை, இறந்துவிட்டார். அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் நானும் சேர்ந்து, பழைய வரைபடத்தில் அம்புக்குறிக்கு அப்பால் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி மீதியை வரைந்தோம். ஓடையின் வளைவு, இரண்டு வரிசை வீடுகள், தண்ணீர் ஏறிய உயரம், எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாதவர் என்பது வரைக்கும். கிராம சபையில் வைத்தோம். மனுவோடு மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. ஐப்பசி வருகிறது. இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.